நாற்பத்திரண்டு பேரின் இரத்தம்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் மதிப்புரை

வடபழனி முருகன் கோயிலுக்கு ஒரு முகூர்த்த நாளில் சென்றிருக்கிறீர்களா? ஒரு கல்யாணக் கூட்டம் வெளியே வருமுன் அடுத்த கூட்டம் உள்ளே நுழைந்துவிடும். நாதசுர ஒலியும் பூ வாசனையும் கலந்து, எது எந்த வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாது. அப்படியொரு காலையில், தாலி கட்டி முடிந்த பின் நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்மணிகளின் பேச்சு என் காதில் விழுந்தது.

"அக்கா மகளையே கட்டிக்கிட்டான். இப்ப அவன் பொண்ணுக்கு மூக்குல ரத்தம் வந்தா நிக்கவே மாட்டேங்குது. டெஸ்ட் எடுத்துப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்காம். சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்றார் ஒருவர்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. எங்க வீட்டுல நாலு தலைமுறையா மாமன் மகள், அத்தை மகன்தான். ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் மற்றவர்.

வாசகர்களே, இந்தச் சிறு உரையாடலில் மூன்று கூற்றுகள் உள்ளன. உறவில் மணந்தால் நோய் வரும் என்பது ஒன்று. வராது என்பது இரண்டு. "டெஸ்ட் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது" என்பது மூன்று. முதல் இரண்டைப் பற்றித்தான் அவர்கள் வாதாடினார்கள். மூன்றாவதை இருவருமே கவனிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் உயிர் ஒருவேளை அந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இந்த மூன்று கூற்றுகளையும் உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். வடபழனியிலிருந்து பேருந்தில் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய வேலூரில் அப்படியொன்று உருவாயிற்று. அது 1981-ஆம் ஆண்டில் வெளியான, ஐந்தே பக்கங்கள் கொண்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. அதை இன்று எடுத்து வைத்து, அதன் சிறப்பு எது, எல்லை எது, நாம் அதைக் கொண்டு என்ன செய்தோம் என்று பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

கட்டுரையும் அதன் காலமும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த காண்டூரி, புலிமூட், சுதர்சனம், கார்மன், ஜாதவ், பெரெய்ரா ஆகிய ஆறு பேர் அக்கட்டுரையை எழுதினர். இரத்தம் உறைதல் பற்றிய ஒரு சர்வதேச ஆராய்ச்சி ஏட்டில் அது வெளியாயிற்று. தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கிளான்ஸ்மன் திராம்பஸ்தீனியா: ஒரு மீள்பார்வையும், தென்னிந்தியாவில் கண்ட 42 நோயாளிகள் பற்றிய அறிக்கையும்."

பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். 1918-ஆம் ஆண்டில் எட்வர்ட் கிளான்ஸ்மன் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். 'அஸ்தீனியா' என்றால் தளர்ச்சி. இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாமல், செயலில் தளர்ந்து போவதால் அவர் இப்பெயரைச் சூட்டினார். நாம் இதைத் 'தட்டணுத் தளர்ச்சி' என்று அழைப்போம்.

42 என்பது உங்களுக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒப்பிட்டுப் பாருங்கள். 1966-இல் பாரிஸ் நகரத்தில் காயன் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் இந்நோய் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 15 நோயாளிகளைப் பற்றியது. பின்னர் 1990-இல் ஜார்ஜ், காயன், நர்டன் ஆகியோர் தம்மிடம் வந்தவர்களையும், உலக இலக்கியத்தில் பதிவானவர்களையும் சேர்த்துத் தொகுத்த பெரிய மதிப்புரையில்கூட 177 பேர்தான் இருந்தனர். அப்படியிருக்க, ஒரே மருத்துவமனை 42 பேரைப் பதிவு செய்தது என்றால் அது எளிய காரியமன்று. அன்று முதல், இந்நோய் அதிகமாகக் காணப்படும் இடங்களைப் பட்டியலிடும் உலக நூல்களில், ஈராக்கிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்கள், ஜோர்டான் நாட்டு அராபியர்கள் ஆகியோருடன் தென்னிந்தியாவின் பெயரும் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டை இந்நோயின் உலகப் படத்தில் ஏற்றியது இக்கட்டுரைதான்.

பூவும் நாரும் காம்பும்

கட்டுரையை மதிப்பிடுமுன் நோயின் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வடபழனிக் கோயிலின் முன்னுள்ள பூக்கடைக்கே போவோம்.

பூக்காரம்மா மல்லிகை கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பூக்களை எதிரெதிராக வைத்து, காம்புகளை நாரால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சிடுகிறார். பூ, நார், காம்பு ஆகிய மூன்றும் இருந்தால்தான் சரம் உருவாகும். கூடை நிறையப் பூவும், கை நிறைய நாரும் இருந்து, பூக்களுக்குக் காம்பு மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சரம் கட்ட முடியுமா?

நம் இரத்தத்தில் தட்டணுக்கள்தான் பூக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கே குறுக்களவு உடையது. ஏழு முதல் பத்து நாட்கள் வரை உயிர் வாழ்வது. எங்கேனும் இரத்தக் குழாய் அறுபட்டால் இவை ஓடிச்சென்று காயத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓர் அடைப்பை உண்டாக்குகின்றன. கோப்பதற்கு உதவும் நார், இரத்த நீரில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரோட்டீன். இதன் மூலக்கூறு இரு முனைகளும் ஒத்த வடிவமுடையது. ஆகவே ஒரு முனையால் ஒரு தட்டணுவையும் மறுமுனையால் இன்னொன்றையும் பிடித்துக்கொள்ள முடிகிறது.

காம்பு எது? தட்டணுவின் மேற்புறத்தில் ஃபைப்ரினோஜனைப் பிடிப்பதற்கென்றே ஒரு புரோட்டீன் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டணுவில் சுமார் 80,000 காம்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு துண்டுகள் இணைந்து ஆனது. இரண்டும் சரியாக இணைந்தால்தான் காம்பு மேற்பரப்புக்கு வந்து சேரும். ஒரு துண்டு பழுதானாலும் மற்றொன்றும் பயனற்றுப் போகும். இவ்விரு துண்டுகளுக்கான ஜீன்களும் 17-ஆவது குரோமசோமில் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி ஆகிய இரண்டுமே பழுதாக அமைந்துவிட்டால் தட்டணுத் தளர்ச்சி உண்டாகிறது.

ஒரு பிரதி மட்டும் பழுதானால்? காம்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆனால் அந்தப் பாதியே சரம் கட்டப் போதுமானது. அத்தகையவருக்கு இரத்தக்கசிவு இராது, நோயும் தெரியாது. அவரைச் 'சுமப்பவர்' என்கிறோம். இச்சொல்லை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

எல்லாம் சரியாக இருக்கிறதாமே?

இப்போது அந்த மூன்றாவது கூற்றுக்கு வருவோம். மூக்கில் இரத்தம் நிற்காத குழந்தையை அழைத்துச் சென்றால், சோதனைக்கூடம் வழக்கமாகச் செய்வது தட்டணுக்களை எண்ணுவது. டெங்குக் காய்ச்சல் காலங்களில் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்று கேட்க நாம் எல்லோருமே பழகிவிட்டோம். எண்ணிக்கை இரண்டரை லட்சம் என்று தாளில் வந்துவிட்டால் மனம் ஆறுதலடைகிறது.

ஆனால் எண்ணும் கருவி பூக்களைத்தான் எண்ணுகிறது, காம்புகளை எண்ணுவதில்லை. தட்டணுத் தளர்ச்சியில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். தட்டணுவின் வடிவமும் சரியாக இருக்கும். இரத்த நீரின் உறையும் தன்மையைக் காட்டும் வழக்கமான சோதனைகளும் சரியாகவே வரும். 'எல்லாம் சரி' என்ற அறிக்கையுடன் வீடு திரும்பும் குழந்தைக்கு, ஒரு பால் பல் விழுந்தாலும் இரத்தம் மணிக்கணக்கில் நிற்காது.

பெண் குழந்தைக்கு இன்னொரு பேராபத்தும் காத்திருக்கிறது. அவள் வயதுக்கு வரும்போது, முதல் மாதவிலக்கே உயிருக்கு அபாயம் விளைவிக்கும் அளவுக்குப் பெருகக்கூடும். வீடே மஞ்சள் நீராட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுவது இரத்தம் ஏற்றும் ஏற்பாடு. முன்கூட்டியே நோயின் பெயர் தெரிந்திருந்தால் அதற்குத் தயாராக இருக்கலாம், மருந்துகளால் கட்டுப்படுத்தலாம். தெரியாவிட்டால் அது ஒரு விபத்தைப் போல வந்து தாக்கும்.

சரி, காம்பு இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குப் பெரிய இயந்திரம் இல்லாமலே ஒரு முதல் துப்புக் கிடைக்கும். ஊசி மூலம் எடுத்த இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, உடல் வெப்பமான 37 டிகிரியில் நீரில் வைத்தால் அது உறையும். சற்று நேரத்தில் அந்த உறைகட்டி சுருங்கி, தெளிந்த நீர் தனியே பிரியும். கட்டியைச் சுருக்குவது தட்டணுக்களின் வேலை. தளர்ச்சி நோயில் கட்டி பெரும்பாலும் சுருங்குவதே இல்லை. 1918-இல் கிளான்ஸ்மன் கவனித்த முக்கியமான குறி இதுதான். இரண்டாவது துப்பு இன்னும் எளியது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் நேரே தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஆரோக்கியமான தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். நோயாளியின் தட்டணுக்களோ உதிர்ந்த பூக்களாகத் தனித்தனியே கிடக்கும்.

இவை துப்புகளே; தீர்ப்பு அல்ல. இந்நோயின் ஒரு வகையில் கட்டி ஓரளவு சுருங்குவதும் உண்டு. தீர்ப்புக்கு வேறு கருவி வேண்டும். 1962-இல் குஸ்தாவ் பார்ன் என்பவர் லண்டனில் அத்தகைய ஒன்றை உருவாக்கினார். தட்டணுக்கள் நிறைந்த இரத்த நீர் கலங்கலாக இருக்கும். தட்டணுக்களைத் தூண்டும் பொருளைச் சேர்த்தால், பால் திரிந்து தெளிநீர் பிரிவதைப் போல, அவை திரண்டு நீர் தெளியும், ஒளி ஊடுருவும். தளர்ச்சி நோயாளியின் இரத்த நீரில் இவ்விதம் தெளிவு ஏற்படாது. இக்காலத்தில் ஒளிரும் சாயத்தைக் கொண்டு காம்புகளை நேரடியாகவே அளந்து பார்க்கும் முறையும் பெரிய மருத்துவமனைகளில் உள்ளது.

வேலூர்க் கட்டுரையின் முதல் சிறப்பை இந்த இடத்தில்தான் உணர முடிகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் இரத்தம் நிற்காத குழந்தைகளை 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பாமல், சோதித்து, பெயரிட்டு, ஒரு வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நோயைத் தேடினால்தான் நோய் கிடைக்கும் என்பதற்கு அந்த 42 பேரே சான்று.

நாற்பத்திரண்டின் எல்லை

ஆனால் நல்ல வாசகன் கட்டுரையைப் போற்றுவதோடு நிற்க மாட்டான்; கேள்வியும் கேட்பான். மாணவ வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் திரட்டிய எந்த நோயாளித் தொகுப்பைப் படித்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

முதல் கேள்வி: எத்தனை பேரில் 42 பேர்? மேலே உள்ள எண் தெரிகிறது. கீழே உள்ள எண் எது? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணலாம். வராதவர்களை எண்ண முடியாது. தலைப்பு 'தென்னிந்தியா' என்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் வேலூர் வரை வந்து சேர்ந்தவர்கள். பேருந்துக்குக் காசு இருந்தவர்கள், யாரோ ஒரு டாக்டர் 'அங்கே போங்கள்' என்று சொல்லக் கேட்டவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, அதுவரை உயிரோடு இருந்தவர்கள். முதல் மாதவிலக்கில் வீட்டுத் திண்ணையிலேயே உயிர் விட்ட சிறுமி எந்தத் தொகுப்பிலும் இடம்பெற மாட்டாள். ஆகவே இக்கட்டுரையைக் கொண்டு 'தமிழ்நாட்டில் இத்தனை பேரில் ஒருவருக்கு இந்நோய்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தகைய தொகுப்பு நோய் இங்கே இருக்கிறது என்பதை நிலைநாட்டும். எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்காது.

இரண்டாவது கேள்வி: எதனோடு ஒப்பிட்டு? தட்டணுத் தளர்ச்சியையும் உறவு மணத்தையும் இணைத்துப் பேசும்போது, நோயாளிகளின் பெற்றோரில் எத்தனை பேர் உறவினர் என்று மட்டும் சொன்னால் போதாது. அதே ஊரில், நோயில்லாத குழந்தைகளின் பெற்றோரில் எத்தனை பேர் உறவினர் என்பதும் தெரிய வேண்டும். ஊரே உறவில் மணம் செய்துகொள்ளும்போது, எந்த நோயாளியைக் கேட்டாலும் 'அப்பாவும் அம்மாவும் சொந்தம்' என்ற விடை வரக்கூடும். கால் ஒடிந்தவர்களைக் கேட்டாலும் அதே விடைதான் வரும்! ஆகவே ஒப்பீடு இல்லாத இணைப்பு வெறும் சந்தேகமே.

அப்படியானால் அந்த முதல் பெண்மணி சொன்னது தவறா? இல்லை. இங்கே மெண்டல் காட்டிய கணக்கு நமக்குக் கை கொடுக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

500 பேரில் ஒருவர் இந்நோயின் பழுதான ஜீனைச் சுமப்பவர் என்று ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். உறவில்லாத ஆணும் பெண்ணும் மணந்தால், இருவருமே சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு 500 பெருக்கல் 500, அதாவது 2,50,000-இல் ஒன்று. இருவரும் சுமப்பவரானால் நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும். ஆகவே 10 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு நோய்.

இனி, மாமன் மகளை மணந்தவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பொதுவாக ஒரு தாத்தா பாட்டி உண்டு. அந்தப் பழுதான ஜீன் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்தால், அது இரண்டு வழிகளிலும் இறங்கி வந்து ஒரே குழந்தையில் சந்திக்கக்கூடும். அவ்வாறு குழந்தைக்கு ஒரே மூதாதையின் ஒரே ஜீன் இரு பிரதிகளாகவும் வந்து சேரும் வாய்ப்பு 16-இல் ஒன்று. இதையும் மேலே உள்ள அனுமானத்தையும் சேர்த்துப் பெருக்கினால், ஏறத்தாழ 16,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் என்று வருகிறது. அக்காள் மகளை மணந்தால் வாய்ப்பு இரட்டிப்பாகி 8,000-இல் ஒன்றாகும்.

10 லட்சத்தில் ஒன்று எங்கே, 16,000-இல் ஒன்று எங்கே! அறுபது மடங்கு வேறுபாடு. முதல் பெண்மணி சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். 16,000 குழந்தைகளில் 15,999 குழந்தைகளுக்கு இந்நோய் இல்லை. இரண்டாவது பெண்மணி சொன்னதிலும் உண்மை இருக்கிறது! அவர் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் ஒன்றும் ஆகாதது அதிசயமன்று, அதுவே இயல்பு. உறவு மணம் பழுதான ஜீனைப் படைப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பழுது இரட்டையாகச் சேர வழி திறந்துவிடுகிறது, அவ்வளவே. ஆயினும் அவர் தம் குடும்ப அனுபவத்தை ஊருக்கே சான்றிதழாகக் கொடுக்க முடியாது. சுமப்பவருக்கு அறிகுறியே இல்லை என்பதால், பழுதான ஜீன் பல தலைமுறைகள் சத்தமின்றிப் பயணம் செய்யக்கூடும்.

இன்னொரு படி மேலே போவோம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அவை அனைத்தையும் மாமன் மகள் வகையாகவே கொள்வோம். மேற்சொன்ன அனுமானக் கணக்கின்படி, பிறக்கும் 10 லட்சம் குழந்தைகளில் உறவில் மணந்தோரின் குழந்தைகள் 2,80,000. அவர்களில் 17 அல்லது 18 பேருக்கு நோய். மீதி 7,20,000 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட உறுதியில்லை. இது கணக்கே தவிரக் கணக்கெடுப்பு அன்று. ஆனால் ஒரு பாடம் தெளிவாகிறது. 'அபூர்வ நோய்' என்று மேல்நாட்டு நூல் சொல்வது, நம் ஊருக்கு வரும்போது அத்தனை அபூர்வமாக இராது. வேலூரில் ஒரே இடத்தில் 42 பேர் சேர்ந்ததில் வியப்பில்லை என்பதும் இதனால் விளங்குகிறது.

கொடுத்தவர் யார், பெற்றவர் யார்?

வேலூர் 42 பேரைத் திரட்டியது. பாரிஸில் நர்டனும் காயனும் 1974-இல் மூன்றே நோயாளிகளின் தட்டணுக்களை ஆராய்ந்து, அவற்றின் மேற்பரப்பில் ஒரு புரோட்டீன் குறைபடுவதைக் கண்டனர். நோயின் வேரை முதலில் தொட்டவர்கள் அவர்களே. நோயாளிகள் நிறைய உள்ள நாட்டில் எண்ணிக்கையும், கருவிகள் நிறைய உள்ள நாட்டில் விளக்கமும் பிறந்தன. இதை வேலூர் ஆசிரியர்களின் குறையாகச் சொல்ல முடியாது. ஆயினும் இந்திய நோயாளிகளிடம் பீட்டா துண்டின் ஜீனில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்ற விவரம், மும்பையைச் சேர்ந்த மொகந்தி குழுவினரும் அமெரிக்காவின் பாரி காலர் குழுவினரும் சேர்ந்து 2002-இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் வந்தது. 1981-க்கும் 2002-க்கும் இடையே 21 ஆண்டுகள். 1981-இல் கைக்குழந்தையாக இருந்தவர் அதற்குள் கல்யாண வயதை எட்டியிருப்பார்.

அதே காலர்தான் இந்நோயிலிருந்து உலகத்துக்கு ஒரு மருந்தையும் எடுத்துக் கொடுத்தவர். அவருடைய சிந்தனை அழகானது. தட்டணுவில் காம்பு இல்லாதவருக்கு இரத்தம் கட்டாது. அப்படியானால், இதயக் குழாயில் வேண்டாத இடத்தில் இரத்தம் கட்டி மாரடைப்புக்கு ஆளாகும் ஒருவருக்கு, அந்தக் காம்பைத் தற்காலிகமாக மூடிவிட்டால் என்ன? அவ்வாறு உருவான அப்சிக்ஸிமாப் என்ற மருந்து 1994-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வழியில் வந்த எப்டிஃபிபடைடு, டைரோஃபிபான் ஆகியவை இதயக் குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சையில் பயன்படுகின்றன. பெயர் தெரியாத சில நூறு நோயாளிகளின் குறைபாடு எத்தனையோ இதயங்களைக் காக்க வழி காட்டியது.

பதிலுக்கு அந்நோயாளிகள் பெற்றது என்ன? சிறிய கசிவுக்கு அழுத்திக் கட்டுவது, டிரானெக்ஸாமிக் அமிலம் ஆகியவை உதவுகின்றன. பெரிய கசிவுக்கும் அறுவைக்கும் பிறர் தட்டணுக்களை ஏற்ற வேண்டும். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காம்பையே கண்டிராத நோயாளியின் உடல், வெளியிலிருந்து வரும் காம்பை அந்நியன் என்று கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடக்கூடும். பிறகு ஏற்றும் தட்டணுக்கள் பயன்படாமல் போகலாம். எனவே தட்டணு ஏற்றுவதைச் சிக்கனமாகச் செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் உருவானவருக்கு உதவும் ஏழாம் காரணி மருந்துக்கு 2004-இல் ஐரோப்பாவிலும் 2014-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் நோயே நீங்கும். அதிலும் ஆபத்தும் செலவும் மிகுதி.

கட்டுரையைப் பற்றிய என் பெரிய மனக்குறை அதன் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. அது ஆங்கிலத்தில், அயல்நாட்டு ஏட்டில், நிபுணர்களுக்காக எழுதப்பட்டது. ஆராய்ச்சி அப்படித்தான் எழுதப்பட வேண்டும். ஆனால் அதன் சாரத்தைத் தமிழில் நான்கு வரிகளாக்கி, ஒவ்வொரு தெருவின் சோதனைக்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் கடமை? அது நம்மைப் போன்ற எழுதுகிறவர்களின் கடமை. அதை நாம் செய்யவில்லை. செய்திருந்தால், கோயில் நிழலில் அந்தப் பெண்மணி 'எல்லாம் சரியாத்தான் இருக்காம்' என்று சொல்லி நிறுத்தியிருக்க மாட்டார்.

நான்கு வரிகள்

அந்த நான்கு வரிகளை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

ஒன்று: அடிக்கடி மூக்கிலோ ஈறிலோ இரத்தம் வந்து நெடுநேரம் நிற்காத குழந்தைக்கு, தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும், 'தட்டணுக்கள் வேலை செய்கின்றனவா?' என்று டாக்டரைக் கேளுங்கள். தளர்ச்சி நோய்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வான் வில்பிராண்ட் நோய் போன்று இதைவிட அதிகமாகக் காணப்படும் வேறு காரணங்களும் உண்டு. சோதித்து அறிய வேண்டியதே முக்கியம்.

இரண்டு: ஹீமோஃபீலியாவைப் போல இது பெரும்பாலும் ஆண்களை மட்டும் தாக்குவதன்று, பெண் குழந்தைகளுக்கும் சமமாக வரும். ஆகவே அவள் வயதுக்கு வருமுன்பே நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று: நோய் உறுதியானால் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்கக் கூடாது. பல்லையும் ஈறையும் நன்கு பேண வேண்டும். பல் பிடுங்குவது, அறுவை, பிரசவம் எதுவானாலும் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நான்கு: வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்நோய் இருந்தால், அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குடும்பத்தில் மீண்டும் உறவுக்குள் பெண் எடுக்குமுன், மரபியல் ஆலோசனை பெறுங்கள். குடும்பத்தின் ஜீன் மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டால், யார் சுமப்பவர் என்பதைச் சோதித்து அறிய முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது. அந்த முதல் பெண்மணி, குழந்தையின் தகப்பனைக் குறை சொல்லும் தொனியில்தான் பேசினார். சுமப்பது அவன் மட்டுமல்ல. மனைவியும் சுமந்தால்தான் நோய் வரும். இருவரும் அறியாமல் சுமந்தார்கள். ஒருவர் இரத்தத்தில் இருக்கும் ஓர் எழுத்துப் பிழைக்கு எவரும் குற்றவாளி அல்லர்.

அடுத்த முகூர்த்தத்தில் வடபழனிக்குப் போனால் பூக்கடை முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூடையில் பூ எவ்வளவு என்று பார்த்ததும், காம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.